மாமாவின் ஒற்றைக் குழலும் டெல்லி கெஜட்டும்

தேர்தல் தேதியை அறிவித்த மறுநாள் காலையில் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? டீக்கடையில் உட்கார்ந்து கூட்டணிக் கணக்குப் போடுவார்கள். கட்சிக்காரர்கள் சுவர் பிடிக்கக் கிளம்புவார்கள். என் மாமா மட்டும் பீரோவைத் திறந்து, நீளமான ஒரு கான்வாஸ் உறையை வெளியே எடுத்து, தூசி தட்டி, டி.வி.எஸ். ஃபிப்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்படுவார்.

"என்ன பெரியப்பா, சரண்டர் ஆகப் போறீங்களா?" என்று தெருப் பையன்கள் கேட்பார்கள்.

"நான் இல்லடா... இவன்!" என்று உறையைத் தட்டிக் காட்டுவார்.

உள்ளே இருப்பது பன்னிரண்டு போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி. எங்கள் தாத்தா தென்னந்தோப்புக் காவலுக்காக லைசென்ஸ் போட்டு வாங்கியது. எனக்கு விவரம் தெரிந்து அது உருப்படியாக வெடித்தது ஒரே ஒரு தடவைதான். தேங்காய்த் திருடனை மிரட்ட மாமா வானத்தைப் பார்த்துச் சுட்டார். திருடன் அசரவில்லை. தோப்பில் கட்டியிருந்த பசுமாடுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

மீமிசல் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம் தாண்டித் தெற்கே போனால் வரும். கல்யாணராமர் கோவில், உப்பளம், இறால் பண்ணை, பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல டீ. துப்பாக்கி என்றால் எங்கள் கரைப்பக்கத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நடுக்கடலில் எதிரே வரும் இலங்கைக் கடற்படைதான். கரையில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் ஊர் மட்டுமில்லை, தமிழ்நாடே அப்படித்தான். 2016 கடைசியில் உள்துறை அமைச்சகம் எடுத்த கணக்குப்படி நாடு முழுக்க இருந்த துப்பாக்கி லைசென்ஸ் 33.69 லட்சம். அதில் உத்தரப்பிரதேசம் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. நான் பி.காம். படித்தவன், எதைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்கிற வியாதி உண்டு. நம்மிடம் ஒன்று என்றால் அவர்களிடம் ஐம்பத்தாறு!

மாமா கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஒரு தடித்த டயரி வைத்திருக்கிறார். அதில் பால் கணக்கு கிடையாது, மாத்திரை பெயர் கிடையாது. துப்பாக்கிச் சட்டம் எப்போதெல்லாம் மாறியது, எந்த விதி என்றைக்குக் காலாவதி, எந்தக் கோர்ட்டு என்ன சொன்னது என்று வரிசையாக இருக்கிறது. பேப்பரில் வந்ததை வெட்டி ஒட்டியிருக்கிறார். டெல்லியிலிருந்து வரும் இங்கிலீஷ் அறிவிக்கைகளைப் படித்து அர்த்தம் சொல்வது மட்டும் என் வேலை. சம்பளம், அத்தை கையால் வாளை மீன் குழம்பு.

முதலில் கிழவருக்கு வேறு வேலையில்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஜாதி ஆசாமிகள் உலகம் பூராவும் இருக்கிறார்கள் என்று.

அமெரிக்காவில் இது ஒரு தனி உத்தியோகம். அங்கே துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் 1791இலேயே கொடுத்த உரிமை. ஆனால் சில்லறை விதிகளை ஐம்பது மாநிலங்களும் ஐம்பது விதமாகப் போட்டுக்கொள்ளும். ஆகவே எந்த ஊர் சட்டசபையில் எந்த மசோதா நுழைகிறது, எந்தக் கமிட்டிக்குப் போகிறது, எந்த உறுப்பினர் தலையை ஆட்டுகிறார் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பதற்கென்றே ஆட்கள். 1871இல் ஆரம்பித்த நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 1975இல் இதற்காகத் தனிப் பிரிவே தொடங்கியது. வேட்பாளர்களுக்கு ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி 'ஏ' முதல் 'எஃப்' வரை மார்க் போடுவார்கள். 'எஃப்' வாங்கியவர் தொகுதிப் பக்கம் போனால் ஜாக்கிரதை!

சபையில் தோற்றால் மறுநாள் கோர்ட்டு. பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோக 'தக்க காரணம்' காட்ட வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த விதியை, 2022 ஜூன் 23 அன்று அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் தூக்கிப் போட்டது. பத்து நாளுக்குள் அந்த மாநிலம் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடனே அதன்மேலும் கேஸ். இப்படி ஆடு புலி ஆட்டம் நடந்து நடந்து, இன்றைக்குப் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். (அந்தச் சங்கத்தின் பெரிய தலையே சங்கப் பணத்தைச் சொந்தச் செலவுக்குத் தாளித்தார் என்று 2024இல் நியூயார்க் ஜூரி தீர்ப்புச் சொன்னது வேறு கதை. கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கதைதான் ரொம்பப் பிடித்தது.)

நம் நாட்டுச் சங்கதி வேறு. ஆயுதம் என்பது மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிற விஷயம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை. கோட்டையில் உட்கார்ந்து அதில் ஒரு கமாவை மாற்ற முடியாது. லைசென்ஸ் கேட்டால் கொடுப்பதும் மறுப்பதும் பெரும்பாலும் கலெக்டர் கையெழுத்தில் இருக்கிறது. ஆக, நம்மூர் துப்பாக்கி அபிமானிக்கு இரண்டு கண் வேண்டும். ஒன்று டெல்லி மேல், இன்னொன்று கலெக்டர் ஆபீஸ் ஃபைல் மேல்.

டெல்லிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1983க்கு முன்னால் ஒருவர் எத்தனை துப்பாக்கி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் திருத்தம் வந்து, ஆளுக்கு மூன்று என்று ஆயிற்று. 2019 நவம்பரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆளுக்கு இனி ஒன்றே ஒன்றுதான்!

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. நம் நாட்டிலும் 'நேஷனல் அசோசியேஷன் ஃபார் கன் ரைட்ஸ் இந்தியா' என்று ஒரு சங்கம் இருக்கிறது. சுருக்கமாக 'நாக்ரி'. இந்த மாதிரிச் சங்கத்துக்காரர்கள், துப்பாக்கி சுடும் வீரர்கள், பரம்பரை ஆயுதம் வைத்திருக்கும் ராஜபுத்திரக் குடும்பங்கள், பஞ்சாப் விவசாயிகள் என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். அப்போது பஞ்சாப் முதல்வராக இருந்த அமரிந்தர் சிங், மூன்றைக் குறைக்காதீர்கள் என்று உள்துறைக்குக் கடிதமே எழுதினார். அவர்கள் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். குற்றம் செய்கிறவன் கள்ளத் துப்பாக்கியில் செய்கிறான். கணக்குக் காட்டி வைத்திருப்பவனிடம் இரண்டைப் பிடுங்கினால் கள்ளத் துப்பாக்கி எப்படிக் குறையும்?

டிசம்பர் 9ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியபோது 'ஒன்று' என்பது 'இரண்டு' ஆகியிருந்தது. பத்தே நாளில் ஒரு துப்பாக்கியை மீட்டுவிட்டார்கள்! மறுநாள் மாநிலங்களவை. டிசம்பர் 13இல் ஜனாதிபதி கையெழுத்து. கூடவே லைசென்ஸ் ஆயுசு மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீண்டது. கல்யாண ஊர்வலத்தில் 'டுமீல் டுமீல்' என்று சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து வரவழைத்தால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும் சேர்த்து.

விளையாட்டு வீரர்களுக்கு இந்த இரண்டுக் கணக்கு பொருந்தாது. 2020 பிப்ரவரியில் வந்த அறிவிக்கைப்படி, சர்வதேசப் பதக்கம் வாங்கியவர்கள் பன்னிரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 'ட்ராப்' போட்டியில் இந்தியாவுக்காக நின்ற பிரித்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிள்ளை. மாமா டயரியில் அதற்கு ஒரு தனிப் பக்கம்.

சரி, மூன்று வைத்திருந்த சாமான்யர்கள் என்ன ஆனார்கள்? மாமாவின் சம்பந்தி ஒருவர் உள்ளூர்ப் பக்கம் பெரிய மிராசு. இரட்டைக் குழல் ஒன்று, பாயிண்ட் டூ டூ ரைஃபிள் ஒன்று, அப்பா வைத்திருந்த ஒற்றைக் குழல் ஒன்று. சட்டம் வந்த ஒரு வருஷத்துக்குள் மூன்றாவதை ஒப்படைத்தாக வேண்டும். அதாவது 2020 டிசம்பர் 13 கெடு. நடுவில் கொரோனா வந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டதில் மனிதர் இதைக் கவனிக்கவே இல்லை. அந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் மாமாதான் டயரியோடு போய் நின்றார்.

"சம்பந்தி, இன்னும் இருபத்தெட்டு நாள்தான். மூணுல எதுங்கிறதை முடிவு பண்ணிருங்க."

"எங்கப்பா வச்சிருந்ததுங்க. அதைக் கொடுன்னா எப்படிங்க? வாரிசுன்னு ஒரு சலுகை இருக்குமே?"

இல்லை. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இரண்டைத் தாண்டக் கூடாது என்று திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. சம்பந்தி கடைசியில் ரைஃபிளைக் கொடுத்தார். விலைக்கணக்குப் பார்த்தால் மூன்றில் அதுதான் உசத்தி. அப்பாவுடைய பழைய ஒற்றைக் குழலை வைத்துக்கொண்டார். தேய்மானம் கழித்தால் அதன் மதிப்பு சைபர்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

*

தேதியை மறக்காமல் இருப்பதில் நம் நாட்டில் குடகுக்காரர்களை அடிக்க ஆளில்லை. மைசூருக்கு மேற்கே மலையில், காவிரி பிறக்கிற சீமை. ஜெனரல் கரியப்பா, ஜெனரல் திம்மய்யா பிறந்த மண். அங்கே குடவர் இனத்தவரும், 'ஜம்மா' என்ற பழைய மானிய நிலம் வைத்திருப்பவர்களும் லைசென்ஸே இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்! விலக்குச் சான்றிதழ் ஒன்று இருந்தால் போதும். செப்டம்பரில் 'கைல்பொளுது' என்று ஒரு பண்டிகை. நாம் ஆயுத பூஜைக்கு ஸ்குரூ டிரைவருக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைப்போம்; அவர்கள் நிஜமாகவே துப்பாக்கிக்குப் பூ வைப்பார்கள். அப்புறம் தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டுச் சுடும் போட்டி. (மாமாவும் தேங்காய்க்காகத்தான் துப்பாக்கி வைத்திருக்கிறார். நோக்கம் எதிர்ப்பதம்!)

இந்தச் சலுகை 1861இல் வெள்ளைக்காரன் கொடுத்தது. 1857 கலகத்துக்குப் பிறகு ஊர் உலகத்தின் ஆயுதத்தையெல்லாம் பிடுங்கியவன், விசுவாசமாக இருந்தார்கள் என்று குடகை மட்டும் விட்டுவைத்தான். சுதந்திரம் வந்த பிறகும் 1963 அறிவிக்கையில் அது தொடர்ந்தது. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கர்நாடக ஹைகோர்ட்டில் கேட்டார்: ஜாதியையும் நிலத்தையும் பார்த்துச் சலுகை கொடுப்பது எந்த ஊர் சமத்துவம்?

கேட்க வேண்டிய கேள்விதான். கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே 2019 அக்டோபரில் மத்திய அரசு, 2029 அக்டோபர் வரை பத்து வருஷத்துக்கு விலக்கு என்று புது அறிவிக்கை போட்டது. 2021 செப்டம்பரில் ஹைகோர்ட் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. குடவர்கள் போர்க்குடியினர், அவர்கள் இந்தத் துப்பாக்கிகளைத் தவறாகப் பயன்படுத்தியதில்லை, விலக்கும் காலவரையறைக்கு உட்பட்டதுதான் என்பது வாதம். எனக்கென்னவோ இதில் முழுத் திருப்தி இல்லை. ஒரு இனத்தாருக்குப் பிறப்பிலேயே நல்ல நடத்தைச் சான்றிதழ் என்றால், பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன சான்றிதழ்? ஆனால் மாமாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. "பாத்தியா மாப்ள, நூத்தம்பது வருஷமா ஒரு தேதியைக் கோட்டை விடலை!" என்று வாயைப் பிளக்கிறார். 2029 அக்டோபருக்கு எதிரே அவர் டயரியிலும் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. குடகு எங்கே, மீமிசல் எங்கே! கேட்டால், "அவுங்களுக்குப் போச்சுன்னா நமக்கும் ஏதோ வருதுன்னு அர்த்தம்" என்கிறார்.

வெள்ளைக்காரனைச் சொன்னேன் இல்லையா? லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அதை ரத்து செய்யச் சொல்லிப் பிபின் சந்திர பால் முழங்கியது 1887இல், நம் சென்னையில் கூடிய காங்கிரஸில். அகிம்சை மூர்த்தியான காந்தியே 1918இல் அந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். 1931 கராச்சி காங்கிரஸில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதை அடிப்படை உரிமைப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதையே திருத்தமாகக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்நியன் ஆண்டபோது கேட்டது வேறு, சுதந்திர நாட்டில் வேண்டியது தேசத்தைக் காக்க ஆயுதம் ஏந்தும் கடமை என்பது அவர் கட்சி. எல்லோருக்கும் உரிமை என்றால் திருடனும் கொள்ளைக்காரனும் வந்து கேட்பானே என்றும் மடக்கினார். திருத்தம் விழுந்தது. அன்றிலிருந்து நமக்குத் துப்பாக்கி என்பது சர்க்கார் மனசு வைத்துக் கொடுக்கிற அனுமதிதான்.

அந்த அனுமதியைப் புதுப்பிக்கத்தான் மாமா ஒவ்வொரு முறையும் படியேறுகிறார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒரு தடவை இளம் கிளார்க் ஒருவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "பெரியவரே, இந்த வயசுல எதுக்கு இது? தோப்பும் பாதி வித்தாச்சு. சொத்து மதிப்பு பத்தாதே?" என்றார்.

மாமா சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். "தம்பி, பதினாலாவது பிரிவு, ரெண்டாவது உட்பிரிவு. போதுமான சொத்து இல்லைங்கிற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது. மறுத்தா ஏன்னு எழுத்துல எழுதணும். எழுதுனா பதினெட்டாவது பிரிவுல நான் அப்பீல் போவேன். நீங்க எழுதுங்க, நான் வெயிட் பண்றேன்."

கிளார்க் எழுதவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

2016இல் புது ஆயுத விதிகள் வந்தபோது மாமா ஒரு வாரம் தூங்கவில்லை. புதிதாக லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று அதில் வந்தது. நல்ல விதி. அதற்கு முன்பே, லைசென்ஸுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு அடையாள எண் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்று கெடு வைத்தார்கள். அந்தக் கெடு தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. முதல் கெடுவுக்கே ஏற்றிவிட்டு, மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்த்தவர் மாமா.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைப்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எல்லோரும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். தேர்தல் கமிஷன் சொல்வது, மாவட்டத்தில் ஒரு ஸ்க்ரீனிங் கமிட்டி உட்கார்ந்து யாரிடம் வாங்க வேண்டும் என்று ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும் என்பது. ஒட்டுமொத்தமாக எல்லோரையும் கொடு என்று உத்தரவு போடக் கூடாது, காரணம் எழுத வேண்டும் என்று 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் அலகாபாத் ஹைகோர்ட்டும் சொன்னது. மாமா அந்தத் தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டய்யா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி பெரியவரே. அது வடக்க. இங்க ரைட்டர் ரசீது போட்டு வச்சுட்டாரு. கையெழுத்தைப் போடுங்க."

அத்தைக்கு இதில் ரொம்ப வருத்தம். "நகையை பேங்க்குல வச்சாக் காசாவது வருது. இதை வச்சா ரசீது மட்டும்தான்!"

மாநில அரசுகள் சட்டத்தை மாற்ற முடியாது என்றேன். ஆனால் உத்தரவு போடலாம். பாடகர் சித்து மூஸேவாலா 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்த நவம்பரில் பஞ்சாப் அரசு பொது இடத்தில் துப்பாக்கி காட்டத் தடை, துப்பாக்கிப் பெருமை பாடும் பாட்டுக்குத் தடை, எல்லா லைசென்ஸையும் மறு ஆய்வு என்று ஒரே நாளில் அறிவித்தது. கேரளா எதிர்த்திசையில் போனது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ்காரர்களை வைத்துச் சுடச் சொன்னது. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் வருஷக்கணக்காகக் கேட்டார்கள். 2025 ஜனவரியில் நம் அரசு சொன்னது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான். மாமாவுக்கு ஏமாற்றம். பயிர்க் காவலுக்கென்று கேட்டால் வாய்வழி மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று பதின்மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறதாம். "சட்டத்துல இருக்கு, கையில இல்ல" என்றார். எனக்கு வனத்துறை சுடுவதே சரி என்று படுகிறது. எங்கள் தோப்புப் பசுமாட்டைக் கேட்டாலும் அதையேதான் சொல்லும்.

*

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் நார்த்தாமலை. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்காரர்கள் துப்பாக்கிச் சுடும் தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒரு குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. புதுக்கோட்டையில் பார்த்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரி 3ஆம் தேதி பையன் போய்விட்டான்.

அந்த வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி.யில் அந்தப் பையனின் பள்ளிக்கூடப் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா வழக்கமான வாதத்தை ஆரம்பித்தார். "பாத்துக்க மாப்ள. இது லைசென்ஸ்காரன் சுட்டதில்ல. சர்க்கார் துப்பாக்கி. நம்மகிட்ட ரெண்டா மூணான்னு கணக்குப் பாக்குறாங்க..."

அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"அம்பது வருஷமா டயரி எழுதுறீங்களே, இந்தப் புள்ளைக்கு அதுல ஏதாச்சும் இருக்கா?"

மாமா பதில் சொல்லவில்லை. டி.வி.யை மட்டும் அணைத்தார்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. மசோதா வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குச் சங்கம் இருக்கிறது. வீரர்களுக்கு அசோசியேஷன் இருக்கிறது. குடகுக்கு நூற்றைம்பது வருஷ ஞாபகம் இருக்கிறது. பத்து நாளில் 'ஒன்று' என்பதை 'இரண்டு' ஆக்குகிறார்கள். சுடும் தளத்துக்கும் ஊருக்கும் நடுவே எத்தனை தூரம், பின்னால் மண் மேடு எவ்வளவு உயரம், கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ள நார்த்தாமலையில் யார் இருந்தார்கள்? கள்ளத் துப்பாக்கி விவகாரத்தையும் 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள்தான், ஒரு ஜாமீன் மனுவை விசாரிக்கும்போது தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கா மாதிரி இங்கே ஆயுதம் அடிப்படை உரிமை இல்லை என்று அப்போது நினைவுபடுத்தி, எத்தனை கேஸ் போட்டீர்கள் என்று கேட்டார்கள். யாரும் மனுப் போட்டு அது வரவில்லை.

போன மாதம் மாமாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத வேண்டும், அவரைவிட நன்றாக எழுத இந்தச் சுற்று வட்டாரத்தில் ஆளில்லை என்றேன்.

"எதைப் பத்தி?"

"நம்ம மாவட்டத்துல சுடுற இடம் எத்தனை இருக்கு, பக்கத்து வீடு எத்தனை மீட்டர், கடைசியா எப்ப சோதனை பண்ணாங்க. மூணே கேள்வி."

"அது நம்ம லைன் இல்லையே மாப்ள" என்று இழுத்தார். லைசென்ஸ்காரன் ஒருவன் இதையெல்லாம் கிளறினால் அடுத்த புதுப்பித்தலில் பார்த்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான்; மறுபடி அதே படியைத்தானே ஏற வேண்டும். அத்தை சமையலறையிலிருந்து பாத்திரத்தை 'ணங்'கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் மூன்று கேள்வியை அடித்துவிட்டு ஏழாக எழுதினார். நான்காவது கேள்வி எனக்குத் தோன்றவே தோன்றாதது: பயிற்சி நடக்கும் நாளில் பக்கத்து கிராமத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லப்படுகிறதா, சொன்னால் எப்படி, சொன்னதற்கான பதிவேட்டின் நகல் தரவும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, காலையில் மீமிசல் போஸ்ட் ஆபீஸில் தபாலில் அனுப்பினோம்.

பதில் சொல்ல முப்பது நாள். மாமா டயரியில் முப்பத்தோராவது நாளைக் குறித்து, பக்கத்தில் 'முதல் மேல்முறையீடு' என்று எழுதியிருக்கிறார்.